யார் பாடியது? 1950களின் தமிழ்த் திரைப் பாடகிகளைக் காதால் பிரித்தறிவது

1950களில் தமிழ்ப் படங்களில் பாடிய பெண்களில் யார் யார் பிரபலமாக இருந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "எந்தப் பாட்டைக் கேட்டாலும் எனக்கு ஒரே ஆள் பாடுவது மாதிரியே இருக்கிறது, எல்லாம் சுசீலாதானா?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயர்கள் மட்டும் வேண்டுமென்றால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். உங்கள் மனதில் இருக்கும் கேள்வி இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது: இந்தக் குரல்களை எப்படிப் பிரித்துக் கேட்பது? அதற்கே பதில் சொல்கிறேன். பெயர்கள் போகிற போக்கில் வந்துவிடும்.

நான் முப்பது வருடத்துக்கு மேலாக மெல்லிசை கற்றுக்கொடுக்கிறேன். பழைய அரக்கு இசைத்தட்டுகளைக் கேட்டு, எந்தப் படம், யார் பாடியது என்று குறித்து வைக்கும் வேலையையும் கிட்டத்தட்ட அவ்வளவு காலமாகச் செய்துவருகிறேன். அதனால் இங்கே சொல்வதில் ஒரு பகுதி தட்டிலும் படத்திலும் அச்சாகி இருப்பது. இன்னொரு பகுதி என் காது சொல்வது. பாடகிகளின் பெயர், படம், வருடம் எல்லாம் முதல் வகை. குரலைப் பற்றிய வர்ணனை முழுக்க இரண்டாம் வகை; அதில் நீங்கள் என்னோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம், தவறில்லை.

முதலில், எல்லாம் சுசீலா இல்லை. பி. சுசீலா பாட வந்ததே 1950களின் தொடக்கத்தில், பெற்ற தாய் படத்தில் ஏ.எம். ராஜாவுடன். அந்தப் பத்தாண்டின் முதல் பாதியில் அவர் பல புதுக் குரல்களில் ஒன்று, அவ்வளவுதான். அப்போது ஏற்கனவே நிலைத்து நின்றவர்கள் ஜிக்கியும், பி. லீலாவும், எம்.எல். வசந்தகுமாரியும், எம்.எஸ். ராஜேஸ்வரியும். அதற்கும் முந்திய தலைமுறையிலிருந்து பி.ஏ. பெரியநாயகி, டி.வி. ரத்தினம் போன்றவர்களின் குரல்களும் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தன. இது ஒரு மாறுகிற காலம். பின்னணிக் குரல் என்ற ஏற்பாடு 1938இல் வந்த நந்தகுமார் படத்திலேயே தொடங்கிவிட்டாலும், நாற்பதுகள் முடியும்வரை தானே பாடி நடிப்பவருக்குத்தான் மவுசு. 1950க்குப் பிறகு நடிக்கத் தெரிந்தால் போதும், பாட வேறொருவர் இருக்கிறார் என்று ஆனது. அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள்தான் நீங்கள் கேட்கும் இந்தப் பாடகிகள். பலர் நுழைந்தபோது சிறுமிகள்.

ஜிக்கியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இவரைத்தான் எளிதாக அடையாளம் காணலாம். 1948இல் வந்த ஞானசௌந்தரி படத்தில் 'அருள் தாரும் தேவ மாதாவே' என்ற பாட்டு உண்டு. அதில் கதாநாயகி சிறு பெண்ணாக இருக்கும்போது ஜிக்கியின் குரல், அவள் வளர்ந்ததும் பி.ஏ. பெரியநாயகியின் குரல். ஒரே பாட்டுக்குள் ஒரு தலைமுறை இன்னொன்றிடம் கைமாறுவதைக் கேட்கலாம், அதுவும் தலைகீழாக: வளரப்போகிற குரல் முதலில் வருகிறது, விடைபெறப்போகிற குரல் பின்னால் வருகிறது. இரண்டே வருடத்தில் மந்திரி குமாரி. 'வாராய் நீ வாராய்', 'உலவும் தென்றல் காற்றினிலே' இரண்டும் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியவை, இசை ஜி. ராமநாதன். அப்போது ஜிக்கிக்குப் பதினாறு வயதுகூட ஆகவில்லை. மலை உச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளிவிடப் பார்க்கும் கணவனோடு, எதுவும் அறியாமல் கூடவே பாடிக்கொண்டு போகும் பெண்ணின் குரல் அது. அந்த அறியாமை பாட்டில் கேட்கிறது. வயது வந்த பாடகி ஒருவர் அதை நடித்துக் காட்டியிருப்பார். ஜிக்கிக்கு அது இயல்பாகவே தொண்டையில் இருந்தது.

அவர் குரலின் அடையாளம் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வது இது: மேலே ஏறும்போது குரல் மெலிந்து வெள்ளிக் கம்பி மாதிரி கூர்மையாகும், வரியின் கடைசி எழுத்தில் ஒரு சின்ன நடுக்கம் இருக்கும், சந்தோஷப் பாட்டில் சொல்லுக்கு நடுவே ஒரு துள்ளல் வரும். குலேபகாவலியில் (1955) ராஜாவோடு பாடிய 'மயக்கும் மாலைப் பொழுதே நீ போ போ' கேளுங்கள். 'போ போ' என்ற இரண்டு சொல்லையும் அவர் ஒரே மாதிரி சொல்வதில்லை. அப்புறம் அனார்கலியின் தமிழ் வடிவத்தில் கண்டசாலாவோடு 'ராஜசேகரா'. அங்கே அதே குரல் எவ்வளவு கனத்துப் போகிறது பாருங்கள். ஜிக்கி என்றால் துள்ளல் பாட்டு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்தப் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவேன்.

பி. லீலா வேறு உலகம். பாலக்காட்டுச் சித்தூரில் பிறந்தவர். 1947இல் கங்கணம் படத்தில் பாடும்போது பதின்மூன்று வயது. முறையாகக் கர்நாடக இசை கற்றவர், கச்சேரியும் செய்தவர். இவரிடம் தொண்டை முழுசாகத் திறந்திருக்கும். மேல் ஸ்தாயியில் ஜிக்கியின் குரல் மெலியும் இடத்தில் லீலாவின் குரல் அதே கனத்தோடு நிற்கும். சுருதி அசையவே அசையாது. இன்னொரு அடையாளம் உச்சரிப்பு. தாய்மொழி மலையாளம் என்பதால் ழகரம் இவருக்கு நாக்கில் தானாக வரும். இந்தப் பாடகிகளில் ஜிக்கி, சுசீலா, ஜமுனாராணி, பானுமதி என்று பலர் தெலுங்குக்காரர்கள். தெலுங்கில் ழகரம் கிடையாது, உழைத்துத்தான் கொண்டுவர வேண்டும். அவர்கள் எல்லாரும் அதைக் கற்றுக்கொண்டார்கள். ஆனாலும் கற்றுக்கொண்ட ழகரத்துக்கும் பிறப்பிலேயே வந்ததற்கும் ஒரு நூலளவு வித்தியாசம் இருப்பதாக என் காதுக்குப் படுகிறது.

லீலாவை மிஸ்ஸியம்மாவில் (1955) பிடிக்கலாம். சாவித்திரிக்கு 'எனையாளும் மேரி மாதா', ராஜாவோடு 'வாராயோ வெண்ணிலாவே' இரண்டும் லீலா. அதே படத்தில் 'பிருந்தாவனமும் நந்தகுமாரனும்' பாடியவர் சுசீலா. அதிலும் ஆண் குரல் ராஜாதான். இசை ஒருவரே, எஸ். ராஜேஸ்வர ராவ். ஆணும் ஒருவர், இசையமைப்பாளரும் ஒருவர், பெண் குரல் மட்டும் மாறுகிறது. இரண்டு பேரையும் ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி கிடையாது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, பெண் நுழையும் முதல் வரியை மட்டும் நாலைந்து தரம் திருப்பித் திருப்பிக் கேளுங்கள். லீலாவின் சொற்கள் உங்களுக்கு எதிரே நின்று சொல்வது மாதிரி இருக்கும். சுசீலாவின் சொற்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது மாதிரி இருக்கும். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

ஜிக்கியையும் லீலாவையும் ஒப்பிட எல்லாருக்கும் தெரிந்த பாட்டே இருக்கிறது: வஞ்சிக்கோட்டை வாலிபனில் (1958) 'கண்ணும் கண்ணும் கலந்து'. இசை சி. ராமச்சந்திரா. பத்மினிக்கு லீலா, வைஜயந்திமாலாவுக்கு ஜிக்கி. நாட்டியப் போட்டி என்றே எல்லாரும் அதைப் பேசுகிறார்கள், பி.எஸ். வீரப்பாவின் "சபாஷ், சரியான போட்டி" வரை. அது இரண்டு தொண்டைகளின் போட்டியும்தான். ஒன்று நின்று நிதானித்து வட்டமாகச் சுழலும், இன்னொன்று பாய்ந்து வெட்டும். குரல் தேர்வு இல்லாமல் அந்த ஆட்டத்துக்கு அந்த வேகம் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

எம்.எல். வசந்தகுமாரியைப் பின்னணிப் பாடகி என்று மட்டும் சொல்வது சரியில்லை. ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் சிஷ்யை, மேடையில் முதல் வரிசைக் கலைஞர், பின்னாளில் 1977இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். ஆனால் திரைப்பாட்டையும் அவர் இரண்டாம் பட்சமாக நினைத்துப் பாடவில்லை. 1951இல் மணமகள் படத்தில் லீலாவோடு 'எல்லாம் இன்பமயம்', சி.ஆர். சுப்பராமன் இசையில் பல ராகங்களைக் கோத்த ஒரு ராகமாலிகை. அதே வருடம் ஓர் இரவு படத்தில் 'அய்யா சாமி ஆவோஜி சாமி' என்ற குறத்திப் பாட்டு. இரண்டையும் பாடியது ஒரே ஆள் என்று சொன்னால் என் வகுப்பில் பலர் நம்புவதில்லை. அவரைக் கண்டுபிடிக்க வழி பிருகா. குரல் வேகமாக உருளும்போது ஒவ்வொரு சுரமும் தனித்தனி மணியாக உதிரும். மற்றவர்களிடம் அந்த இடத்தில் சுரங்கள் ஒன்றோடொன்று வழுக்கும். மதுரை வீரனில் (1956) 'ஆடல் காணீரோ' கேட்டால் புரியும்.

மதுரை வீரனைச் சொன்னது இன்னொரு காரணத்துக்காகவும். அதே படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு 'நாடகமெல்லாம் கண்டேன்' பாடியவர் ஜிக்கி. சபையில் ஆடும் நாட்டியத்துக்கு வசந்தகுமாரி, காதலுக்கு ஜிக்கி. அந்தக் காலத்து இசையமைப்பாளர்கள் கட்டத்தைப் பார்த்துக் குரலைத் தேடினார்கள். இந்த நடிகைக்கு இந்தக் குரல் என்ற ஒட்டு அப்போது இறுகவில்லை. நாட்டியமா, தாலாட்டா, குழந்தையா, நையாண்டியா, பக்தியா என்று பார்த்து ஆளைக் கூப்பிட்டார்கள். அதனால்தான் ஒரே படத்தின் தலைப்பு அட்டையில் ஆறேழு பாடகிகளின் பெயர்களைப் பார்க்கிறோம். "யார் முதலிடம்?" என்ற கேள்விக்கு அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதிக்கு என்னால் ஒரு பெயரைச் சொல்ல முடியாததும் இதனால்தான். முதலிடம் என்று ஒன்று அப்போது உருவாகவில்லை.

குழந்தைக் குரல் என்றால் எம்.எஸ். ராஜேஸ்வரி. நாம் இருவர் (1947) படத்தில் குமாரி கமலாவுக்கு 'மகான் காந்தி மகான்' பாடியவர். 1960இல் களத்தூர் கண்ணம்மாவில் சிறுவன் கமல்ஹாசனுக்கு 'அம்மாவும் நீயே அப்பாவும் நீயே' பாடியவரும் அவரே. இடையில் பதின்மூன்று வருடம் போயிருக்கிறது, குரலுக்கு வயதாகவில்லை. ஆனால் குழந்தைப் பாட்டோடு அவரை நிறுத்திவிடுவது எனக்கு வருத்தமான விஷயம். பராசக்தியில் (1952) 'ஓ ரசிக்கும் சீமானே', டவுன் பஸ் படத்தில் (1955) 'சிட்டுக்குருவி சிட்டுக்குருவி சேதி தெரியுமா', தை பிறந்தால் வழி பிறக்கும் படத்தில் (1958) 'மண்ணுக்கு மரம் பாரமா' எல்லாம் அவருடையவை. மூன்றுமே வளர்ந்த பெண்களின் பாட்டு. கடைசியாகச் சொன்ன தாலாட்டில் அந்தச் சிறிய குரலே ஒரு வேலை செய்கிறது: பாடும் பெண்ணே இன்னொருத்தியின் குழந்தை மாதிரி ஒலிப்பதால் ஆறுதல் இரட்டிப்பாகிறது. இவரை அடையாளம் காண உதட்டுக்கு அருகே உருவாகும் ஒலியைக் கவனியுங்கள். தொண்டையின் ஆழத்திலிருந்து எதுவும் வராது. வரி முடிவைச் சட்டென்று முடித்துவிடுவார்.

கே. ஜமுனாராணியின் குரல் இவர்கள் எல்லாரையும்விடச் சற்று அகலமானது, கொஞ்சம் கரகரப்புக் கலந்தது. தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்தங்கி வந்து சேர்வார். அந்தத் தாமதத்தில்தான் குறும்பு இருக்கிறது. குலேபகாவலியில் 'ஆசையும் என் நேசமும்', மரகதத்தில் (1959) சந்திரபாபுவோடு 'குங்குமப் பூவே'. நடன அரங்கு, கிண்டல், குத்தல் என்றால் இவரைக் கூப்பிட்டார்கள். ஆனால் 1961இல் பாசமலரில் 'பாட்டொன்று கேட்டேன் பரவசமானேன்' வந்தபோது, இத்தனை நாளும் இந்தக் குரலில் இந்த மென்மையை ஏன் யாரும் அதிகம் கேட்டு வாங்கவில்லை என்று தோன்றியது. எனக்கு இன்னும் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

தானே பாடி நடிக்கும் பழைய வழக்கத்தைக் கடைசிவரை விடாதவர் பி. பானுமதி. அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) படத்தில் 'அழகான பொண்ணு நான்', ராஜாவோடு 'மாசிலா உண்மைக் காதலே'. அடுத்த வருடம் அம்பிகாபதியில் 'கண்ணிலே இருப்பதென்ன'. இவரைக் கண்டுபிடிக்கப் பயிற்சியே வேண்டாம். பாட்டுக்குள் அவருடைய பேச்சுக் குரல் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒரு சொல்லைச் சற்று இழுத்து, மூக்கில் கொஞ்சம் ஏற்றி, கண்ணடிப்பதுபோல இறக்குவார். எஸ். வரலட்சுமியும் அந்த மரபில் வந்தவர். வீரபாண்டிய கட்டபொம்மனில் (1959) 'சிங்காரக் கண்ணே' அவர் தானே பாடியது. கே.பி. சுந்தராம்பாளுக்கு ஔவையார் (1953) ஒன்றே போதும், விளக்கம் தேவையில்லை.

இன்னும் சில பெயர்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஏ.பி. கோமளா, கூர்மையான மேல்சுருதிக் குரல். ஏ.ஜி. ரத்னமாலா, நகைச்சுவை ஜோடிப் பாட்டுகளில் அதிகம் வருவார். ஆர். பாலசரஸ்வதி தேவி, மங்கையர் திலகத்தில் (1955) 'நீலவண்ணக் கண்ணா வாடா' பாடியவர். அந்த ஒரு பாட்டுக்காகவே அவரைத் தேடிக் கேட்கலாம், காற்றில் வைத்த இறகு மாதிரி பாடியிருப்பார். பத்தாண்டின் கடைசியில் இரண்டு பேர் வாசலில் வந்து நிற்கிறார்கள்: 1957இல் விதியின் விளையாட்டு படத்தில் தொடங்கிய எஸ். ஜானகியும், கோரஸில் பாடிக்கொண்டிருந்து 1958இல் நல்ல இடத்து சம்பந்தம் படத்தில் தனிக்குரல் வாய்ப்புப் பெற்ற எல்.ஆர். ஈஸ்வரியும். ஆனால் இவர்கள் இருவரின் காலம் அடுத்த பத்தாண்டு.

சரி, சுசீலாவுக்கு வருகிறேன். விஜயநகரத்திலிருந்து சென்னைக்கு வந்த பெண். ஏவிஎம் நிறுவனம் மாதச் சம்பளத்தில் வைத்துக்கொண்டு, தமிழ் உச்சரிப்புக்காகவே ஆசிரியர் ஒருவரையும் அமர்த்தியது. பிறகு நாற்பது வருடம் தமிழ்நாடு உச்சரிப்புக்கு உதாரணம் காட்டியது அவரைத்தான். கணவனே கண் கண்ட தெய்வம் (1955) படத்தில் 'உன்னைக் கண் தேடுதே', 'எந்தன் உள்ளம் துள்ளி விளையாடுவதும் ஏனோ' இரண்டும் அவரை வீடுவீடாகக் கொண்டுபோயின. தங்கமலை ரகசியத்தில் (1957) டி.ஜி. லிங்கப்பா இசையில் 'அமுதைப் பொழியும் நிலவே'. அந்தக் குரலில் என்ன இருந்தது? என் கணிப்பு இது: கீழ் ஸ்தாயியிலிருந்து மேல்வரை ஒரே தடிமன். ஏறும்போதும் இறங்கும்போதும் குரலின் நிறம் மாறுவதில்லை. அழுகைப் பாட்டிலும் சுரம் உடையாது. சோகம் சொல்லில் இருக்கும், சுரம் சுத்தமாக இருக்கும். எந்தக் கட்டத்துக்கும் எந்த நடிகைக்கும் பொருந்தும் குரல் அது. கட்டத்துக்கு ஒரு ஆளைக் கூப்பிட வேண்டிய தேவையே குறைந்துபோனது.

அந்த மாற்றத்தை ஒரே படத்தில் காட்ட வேண்டுமென்றால் கல்யாண பரிசு (1959). இசையமைத்தவர் ஏ.எம். ராஜா, ஜிக்கியின் கணவர். அதில் 'வாடிக்கை மறந்ததும் ஏனோ' ராஜாவும் சுசீலாவும். 'உன்னைக் கண்டு நானாட' சுசீலா. 'அக்காளுக்கு வளைகாப்பு' சுசீலா. ஜிக்கிக்கு 'துள்ளாத மனமும் துள்ளும்'. மனைவி அவ்வளவு பெரிய பாடகியாக இருந்தும், படத்தின் பெரும்பகுதியை அவர் சுசீலாவிடம் கொடுத்திருக்கிறார். ஏன் என்று நாம் ஊகிக்கத்தான் முடியும், நான் ஊகிக்கப்போவதில்லை. பாட்டுகளைக் கேட்டால் இரண்டு முடிவும் சரி என்றே படுகிறது. இந்தப் படத்தில் எனக்கே ஒரு தவறு நேர்ந்திருக்கிறது. ஆரம்ப காலத்தில் 'துள்ளாத மனமும்' சுசீலா பாடியது என்று என் குறிப்பேட்டில் எழுதி, மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிவைத்தேன். பிறகு தட்டின் லேபிளைப் பார்த்துத்தான் ஜிக்கி என்று தெரிந்தது. ஜிக்கி அந்தப் பாட்டில் தன் துள்ளலை அடக்கி வெகு நிதானமாகப் பாடியிருக்கிறார், நான் துள்ளலை மட்டுமே அடையாளமாக வைத்திருந்தேன். வரி முடிவின் நடுக்கத்தைக் கேட்டிருந்தால் தவறியிருக்க மாட்டேன். ஒரே அடையாளத்தை நம்பக் கூடாது என்று அன்றிலிருந்து வகுப்பில் சொல்லிவருகிறேன்.

இப்போது ஆதாரத்தைப் பற்றி. இணையத்தில் ஒரே பாட்டுக்கு இரண்டு மூன்று பெயர்கள் போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். படத்தின் தலைப்பு அட்டையில் பின்னணி பாடியவர்கள் என்று எல்லாப் பெயரும் மொத்தமாக வரும், யார் எந்தப் பாட்டு என்று இருக்காது. கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் வரிகள் இருக்கும், பாடியவர் பெயர் பல சமயம் இருக்காது. இருப்பதில் நம்பத்தக்கது 78 சுற்று இசைத்தட்டின் லேபிள். ஆனால் தட்டாக வராத பாட்டுகளும் உண்டு. அவற்றுக்குக் காதுதான் சாட்சி, காது தப்பும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். அப்படிப்பட்ட பாட்டுக்கு யாராவது அடித்துச் சொன்னால், எந்தத் தட்டைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

சுருதியை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கவும் முயல வேண்டாம். பழைய தட்டை ஓட்டிப் பதிவு செய்தவர் வேகத்தைச் சரியாக வைத்திருக்காவிட்டால் குரல் ஏறியோ இறங்கியோ இருக்கும். படத்திலிருந்து எடுத்த பாட்டிலும் இதே சிக்கல். கொட்டகையில் நொடிக்கு 24 சட்டமாக (ஃபிரேம்) ஓடிய படத்தை 25 சட்டமாகத் தொலைக்காட்சிக்கு மாற்றும்போது, திருத்தம் செய்யாவிட்டால் 4 விழுக்காடு வேகம் கூடும், சுருதியும் கூடவே ஏறும். உங்களுக்கு எல்லாரும் ஒரே மாதிரி கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்: வேகம் கூடிய பதிவில் எல்லாப் பெண் குரலும் மெலிந்து ஒன்றுபோல ஆகிவிடும். தட்டின் தேய்மானம் குரலின் மேல் ஒலிகளை ஏற்கனவே தின்றிருக்கும். மூச்சு எடுக்கும் இடம், மெய்யெழுத்தை அழுத்தும் விதம், வரி முடிக்கும் பழக்கம், இவை எந்த வேகத்திலும் மாறாது. அவற்றைப் பிடியுங்கள்.

இன்னொன்றும் நினைவில் வைக்கவேண்டும். அன்று பாட்டு முழுவதையும் வாத்தியக் குழுவோடு சேர்ந்து ஒரே மூச்சில் பாட வேண்டும். யாராவது ஒருவர் ஓரிடத்தில் தவறினால் எல்லாரும் மறுபடி தொடக்கத்திலிருந்து. இப்போதுபோல வரி வரியாக வெட்டி ஒட்டுவது கிடையாது. நீங்கள் கேட்கும் மூன்றரை நிமிடமும் அவர்கள் நிஜமாகவே தொடர்ந்து பாடிய மூன்றரை நிமிடம். என் மாணவர்களில் நன்றாகப் பாடுகிறவர்கள்கூட 'எல்லாம் இன்பமயம்' பாட்டை அப்படி ஒரே ஓட்டத்தில் முடிக்கத் திணறுகிறார்கள்.

யார் பிரபலம் என்ற உங்கள் முதல் கேள்வியும் மீதி இருக்கிறது. பிரபலம் என்று எதை வைத்துச் சொல்வது? அந்தக் காலத்துக்கு நம்பக்கூடிய தரவரிசை ஒன்றும் கிடையாது. தேசிய விருதில் பின்னணிப் பாடகிக்கு என்று ஒரு பிரிவே அப்போது இல்லை. அது பின்னால் வந்தபோது முதலில் வாங்கியவர் சுசீலா, உயர்ந்த மனிதன் படப் பாட்டுக்காக. 2016இல் கின்னஸ் அங்கீகரித்த அவருடைய 17,695 பாடல்கள் என்ற எண்ணும் 1960களிலிருந்து எண்ணியது, நமக்கு உதவாது. வானொலியைக் கேட்கலாம் என்றால், 1952க்குப் பிறகு அகில இந்திய வானொலி திரைப்பாட்டை வெகுவாகக் குறைத்துவிட்டது. 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கும்வரை நம் ஊரில் சினிமாப் பாட்டு வேண்டியவர்கள் இலங்கை வானொலிக்குத்தான் முள்ளைத் திருப்பினார்கள். எனவே எது அதிகம் கேட்கப்பட்டது என்பதற்கு எண்ணிக்கை எதையும் என்னால் தர முடியாது. எழுபது வருடம் கழித்தும் கல்யாண வீட்டிலும் மெல்லிசை மேடையிலும் எந்தப் பாட்டு இன்னும் ஒலிக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் ஜிக்கி, லீலா, சுசீலா மூவரும் முன்னால் நிற்கிறார்கள், பானுமதி தனி இருக்கையில் இருக்கிறார். இது என் கணிப்பு மட்டுமே.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜி. ராமநாதன் இசையமைத்த உத்தம புத்திரன் (1958). முதல் நாள் 'காத்திருப்பான் கமலக்கண்ணன்' மட்டும், அது லீலா. மறுநாள் 'உன்னழகைக் கன்னியர்கள் கண்டதினாலே', அது சுசீலா. இரண்டையும் மாற்றி மாற்றி, பாட்டின் பெயரைப் பார்க்காமல் நடுவிலிருந்து போட்டு யார் என்று சொல்லிப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது தரம் சரியாக வந்த பிறகு 'யாரடி நீ மோகினி'க்குப் போங்கள். அதில் சௌந்தரராஜனைச் சுற்றி ஜிக்கி, ஜமுனாராணி, ஏ.பி. கோமளா என்று மூன்று பெண்கள். ஒருவர் முடிக்கும் முன்பே இன்னொருவர் நுழைவதால் முதல் வாரம் ஒன்றும் பிடிபடாது. விடாதீர்கள். முதலில் ஜமுனாராணியின் கரகரப்பைத் தேடுங்கள், அது கிடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது இரண்டு மெல்லிய குரல். அதில் வரி முடிவில் நடுங்குவது ஜிக்கி.